குழாய் வைத்த பெட்டி

மூன்று லிட்டர் ஒயினை ஒருவர் அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தபோது நான் பார்த்தது பெட்டியை அல்ல, அவர் முகத்தை. விலை குறைந்த சரக்கைக் கொடுக்கிறவன் முகத்தில் இரண்டு விதமான சிரிப்பு இருக்கும். நமக்குத் தெரியாது என்று நினைத்துச் சிரிப்பது ஒன்று. தெரிந்தாலும் கேட்க மாட்டோம் என்று நினைத்துச் சிரிப்பது இன்னொன்று. அருணகிரி சிரித்தது இரண்டாவது வகை.

"ஒயிட் ஒயினுங்க. பெங்களூர்லேர்ந்து வர்றேன், வெறுங்கையோட வரக்கூடாதில்ல" என்றார்.

ஸ்வீட் கடைப் பைக்குள் வைத்து, மேலே துண்டு சுற்றி எடுத்து வந்திருந்தார். பெட்டியின் முகப்பில் திராட்சைக் கொத்துப் படம். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். அதைக் கிழித்தால் உள்ளிருந்து பிளாஸ்டிக் குழாய் வெளியே வருமாம். நான் ஆரணியில் பட்டுப்புடவை மொத்த வியாபாரி. பெட்டிகளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் உண்டு. சரக்கு நன்றாக இருந்தால் பெட்டிக்குச் செலவு செய்வான். சரக்கு சுமாராக இருந்தால் பெட்டிக்கு இன்னும் அதிகமாகச் செலவு செய்வான். பெட்டிக்கும் செலவு செய்யாதவன் எந்தத் தைரியத்தில் விற்கிறான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எங்கள் ஊரில் ஒயின் ஷாப் என்று சொல்கிற கடையில் ஒயினைத் தவிர எல்லாம் குடித்திருக்கிறேன். ஒயினை யாரும் கேட்டும் நான் பார்த்ததில்லை, கடைக்காரன் கொடுத்தும் பார்த்ததில்லை. இது என்ன விலை, எங்கே வாங்கினார், ஏன் வாங்கினார் என்று மூன்று கேள்விகள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. விழுங்கினேன். மகள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மகள் சுகன்யா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அருணகிரியின் மகன் தென்னரசுவும் அதே கம்பெனி. இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி முடித்து இரண்டு வருஷமாகிறது. எங்களுக்குச் சொன்னது போன மாதம். பையனுக்கு அம்மா இல்லை. அப்பா ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை. அப்பா நேரில் போய்ப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் தாலி என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டானாம். அந்த அப்பாதான் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். மாலை ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார். அதற்குள் அவர் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தாக வேண்டும்.

இதற்கு முன் மூன்று இடம் வந்து மூன்றும் கலைந்தன. கலைத்தது நான்தான் என்று வீட்டில் அபிப்பிராயம். உண்மைதான். ஆனால் எப்படி என்று சொல்ல வேண்டும்.

எங்கள் கடைக்கு வாங்க வருகிறவன் புடவையைப் பிரித்ததும் நொட்டை சொல்ல ஆரம்பிப்பான். பார்டர் தடிப்பாக இருக்கிறது, முந்தி காலியாக இருக்கிறது, இது போன வருஷத்துக் கலர். அவன் சொல்லச் சொல்ல எங்களுக்கு வயிறு குளிரும். எடுக்கப்போகிறவனுக்குத்தானே குறை வேண்டும்? எடுக்காதவன் புடவையைத் தடவிக் கொடுத்து, "ஆஹா, அருமைங்க, என்னா வேலைப்பாடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவான். புகழ்ந்தவன் பை திறந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். அந்த மூன்று மாப்பிள்ளைகளும் எனக்கு மிகவும் பிடித்துப்போனதால் மூன்று வீட்டாரிடமும் மனதாரக் குறை சொன்னேன். "வேலை நல்ல வேலைதான், கம்பெனிதான் கொஞ்சம் சோகையா இருக்குது" என்றேன் சென்னைக்காரரிடம். டிபன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மற்ற இருவர் டிபனைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

போன வாரம் சுகன்யா போனில் சொன்னாள்: "அப்பா, இவரு ஹோட்டல்ல இருந்தவரு. உங்க கடை பாஷையெல்லாம் அவருக்குத் தெரியாது. எதைக் குடுத்தாலும் நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

"நல்லா இல்லாட்டி?"

"நல்லா இல்லாட்டிதான் முக்கியமா சொல்லணும். ஒரே ஒரு நொட்டை உங்க வாயிலேர்ந்து வந்துது, இவரு எழுந்து போனாரு, அப்புறம் நான் கல்யாணமே பண்ணிக்க மாட்டேன். வேற இடமும் பார்க்காதீங்க. அம்மா மேல சத்தியம் பண்ணுங்க."

என் மேல் சத்தியம் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். அம்மா மேல் என்றதும் பண்ணிவிட்டேன்.

ஆகவே, திறக்காத பெட்டியைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அருணகிரியின் சிரிப்பில் ஒரு இழை அறுந்தது.

பெட்டியைக் குளிர வைக்க வேண்டும் என்றார். உள்ளே எடுத்துப் போனேன். என் மனைவி தெய்வநாயகி ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டே, "இன்னாங்க இது?" என்றாள்.

"ஜூஸ்."

"ஜூஸுக்கு எதுக்குக் குழாய்?"

"பெங்களூர் ஜூஸு. அங்க அப்படித்தான்."

"சம்பந்தம் பேச வந்த மனுசன் பூ இல்ல, பழம் இல்ல, குழாய் வெச்ச டப்பாவ எடுத்துகினு வந்திருக்காரு. இவரு சரின்னு சொல்லிட்டுப் போவாருன்னு நீங்க நம்பிகினு இருக்கறீங்க."

"மெதுவா பேசுடி, பேஜார் பண்ணாத" என்றேன். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. அருணகிரி பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பது வருஷம் ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவர். அரிசியிலிருந்து ஐஸ்கிரீம் வரை அவர் கைதான் வாங்கியது. முப்பது வருஷம் வாங்கிய கைக்கு எது உசத்தி, எது மட்டம் என்று தெரியாதா? தெரிந்தே இதை எடுத்து வந்திருக்கிறார் என்றால் மூன்றில் ஒன்று. ஹோட்டலில் மீந்தது. அல்லது, இவர்களுக்கு இது போதும் என்று எங்களை அளந்து எடுத்த அளவு. அல்லது, என்னைக் கொஞ்சம் மிதக்க விட்டு எதையோ கேட்கப் போகிறார். மூன்றாவதாக இருந்தால் பரவாயில்லை. மிதந்துகொண்டே பேரம் பேசி எனக்குப் பழக்கம் உண்டு.

வீட்டைச் சுற்றிக் காட்டினேன். மாடிப்படி எங்கள் வீட்டில் ஏணி மாதிரி நிற்கும். ஏறும்போது முழங்கால் நெஞ்சில் இடிக்கும். மூச்சு வாங்க ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, "அருமையான படிங்க" என்றார். கூடத்தில் பகலிலும் லைட் போட வேண்டும். "அருமையான கூடம்." காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அந்த ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, "அருமைங்க" என்றார்.

முன்னறையில் புடவைகளைப் பிரித்துப் போட்டேன். அங்கே ஒன்றைக் கவனித்தேன். ஊரார் எல்லாம் புடவையை முன்பக்கம்தான் பார்ப்பார்கள். இவர் கை தானாகப் போய்ப் பின்பக்கத்தைத் திருப்பியது. அறுந்த நூல், முடிச்சு எல்லாம் அங்கேதான் தெரியும். ஒரு இடத்தில் அவர் கட்டைவிரல் நின்றது. அங்கே ஒரு முடிச்சு இருந்தது, எனக்குத் தெரியும். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, "அருமைங்க" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினோரு 'அருமை' சொல்லிவிட்டார். எண்ணிக்கொண்டிருந்தேன். என் மகளைப் பற்றியும் கேட்டேன். பெங்களூரில் நாலைந்து தடவை அவளைப் பார்த்திருக்கிறார். "தங்கமான பொண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பதினோரு தடவை சரக்கைப் புகழ்ந்த ஒருத்தன் பன்னிரண்டாவது தடவை பணத்தை எடுத்த கதை எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஆனால் இவர் ஹோட்டல்காரர், மரியாதைக்குச் சொல்கிறார், எல்லாவற்றையும் நம் தராசில் போடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தராசு கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, மாடியில் புடவைக் கட்டுகள் அடுக்கிய அறைக்குப் பெட்டியை ரகசியமாக எடுத்துப் போனோம். தெய்வநாயகி ஒரு தட்டில் வறுத்த வேர்க்கடலை கொடுத்தனுப்பினாள். ஜூஸுக்குக் கடலையா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அருணகிரி வட்டத்தைக் கிழித்துக் குழாயை இழுத்தார். உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு பை தெரிந்தது, பாமாயில் பாக்கெட்டின் பெரியப்பா மாதிரி. எவர்சில்வர் டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்து அமுக்கினார். மாட்டு மடியில் கறப்பதுபோல் சத்தம் வந்தது.

நான் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். பெயர்தான் வெள்ளை. உள்ளே இருந்தது சந்தனக் கலரை இரண்டு தடவை அலசியது. வழக்கம் விடாது, ஒரு சொட்டைத் தொட்டு வேட்டி ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். சாயம் ஏறவில்லை. மோந்தேன். நறுக்கிய வெள்ளரிக்காய், பச்சை மாங்காய்த் தோல், பின்னால் எங்கேயோ மழையில் நனைந்த அட்டை. இருமல் மருந்துக்கும் ஊசிப்போன ரசத்துக்கும் நடுவில் எதையோ எதிர்பார்த்து, காறித் துப்ப வசதியாக ஜன்னலோரமே நின்று ஒரு வாய் குடித்தேன்.

சில்லென்று இறங்கியது. புளிப்பு ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான். கோளாறு எங்கே என்று தேடி இரண்டாவது வாய் குடித்தேன். கிடைக்கவில்லை. மூன்றாவது வாயில் தேடுவதை மறந்துவிட்டேன். உசத்தி என்று சொல்ல மாட்டேன். கலப்பு ஜரிகையைக் கலப்பு ஜரிகை என்று சொல்லியே விற்கிறவன் இருக்கிறானே, அந்த மாதிரி ஒரு சரக்கு. அவனிடம்தான் நான் திரும்பத் திரும்ப வாங்குவேன்.

"எப்படிங்க?" என்றார் அருணகிரி. பரீட்சை எழுதிய பையனைப்போல் பார்த்தார்.

"அருமைங்க" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். அதற்குத்தான் அவர் முகம் ஒரேயடியாகச் சுண்டிப்போனது. டம்ளரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணரை ஆயிடுச்சுங்களா? ஜல்தியா கிளம்புனா நாலு மணி வண்டியையே புடிச்சிடலாம். உங்களுக்கும் வேலை இருக்கும்."

போச்சு. நாலாவது இடமும் போகிறது. சத்தியத்தைக் காப்பாற்றியும் போகிறது. சுகன்யா ராத்திரி போன் பண்ணுவாள். என்ன சொல்வேன்? எல்லாம் நன்றாக இருந்தது என்று சொன்னேன், எழுந்து போய்விட்டார் என்றா?

எழுந்து நின்றவர், போகிற போக்கில் தட்டிலிருந்து கடலையை அள்ளினார். அந்த அள்ளலைப் பார்த்து எனக்குக் காது நிமிர்ந்தது. சும்மா தின்கிறவன் நாலு கடலையை விரலால் பொறுக்குவான். இவர் கை முழுக்க அள்ளி, உள்ளங்கையில் குலுக்கிக் கனம் பார்த்து, ஒன்றைப் பிளந்து உள்ளே பார்த்து, ஓரப்பல்லில் வைத்துக் கடித்தார். கடித்ததும் வலது கண் சுருங்கியது. அந்தக் கடலை காறல். நானும் ஒன்றைத் தின்றிருந்தேன். எண்ணெய் கசந்து தொண்டையைப் பிடித்தது.

"கடலை எப்படிங்க?" என்று கேட்டேன்.

மென்றதை விழுங்கினார். "அருமைங்க."

அந்த இடத்தில் பிடித்தேன். ஒரு மனிதன் மாடிப்படியைப் பற்றி மரியாதைக்குப் பொய் சொல்லலாம். கையில் கனம் பார்த்துக் கடலையை அள்ளத் தெரிந்தவன், காறல் கடலையை அருமை என்று தானாகச் சொல்ல மாட்டான். அவனைச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் பயந்தேன். என் கணக்கு தப்பினால், மூன்று பேரை எழுப்பி அனுப்பிய அதே வார்த்தையால் நாலாவது ஆளையும் நானே அனுப்பினவன் ஆவேன். மகள் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். கணக்கு சரியாக இருந்தால், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவரை அனுப்பிக்கொண்டிருக்கிறது. டம்ளரில் மிச்சம் இருந்ததை ஒரே வாயில் குடித்தேன்.

"சார், உங்க ஒயின் புளிக்குதுங்க."

அருணகிரி கை நிறையக் கடலையோடு என் பக்கம் திரும்பினார்.

"குழாய் சொட்டுது. பெட்டி ஓரம் நசுங்கியிருக்குது. வெள்ளைன்னு எழுதிட்டு சந்தனக் கலரைக் குடுத்திருக்கான். என்னா விலைக்கு உங்க தலையில கட்டினான்?"

அவர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். கையிலிருந்த கடலையைத் தட்டில் கொட்டினார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது.

"உங்க மல்லாட்டை காறலுங்க" என்றார். "மொத்தமா காறல். போன பட்டத்துக் காய். எவன் குடுத்தான் உங்களுக்கு?"

"தெரியுதில்ல? அப்புறம் ஏன் அருமைன்னீங்க?"

"நீங்க ஏன் சொன்னீங்க? காலையிலேர்ந்து நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு தாலாட்டுப் பாடிகினே இருக்கறீங்க. பொண்ணு குடுக்க இஷ்டமில்ல, மரியாதையா அனுப்பி வைக்கிறாருன்னு நெனச்சிகினேன். எங்கப்பா இங்க பக்கத்துல சேத்துப்பட்டு மண்டியில மல்லாட்டைத் தரகருங்க. பதினெட்டு வயசு வரைக்கும் மூட்டையில கைவிட்டவன் நான். நல்லா இருக்குதுன்னு சொன்னவன் எவன் மூட்டையைத் தூக்கியிருக்கான்?"

"ஹோட்டல்காரரு, ஒண்ணும் தெரியாதுன்னு என் பொண்ணு சொன்னா."

"பட்டுக்காரரு, பெரிய மனுசன், கோவிச்சுக்குவாருன்னு என் பையன் சொன்னான். 'அப்பா, உன் மண்டி வாயை வீட்லயே கழட்டி வெச்சிட்டுப் போ'ன்னான். வாயில்லாம வந்தேங்க. காலையிலேர்ந்து தவிச்சிட்டேன்."

இரண்டாவது டம்ளரை அவரே பிடித்தார். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன். இவ்வளவு தெரிந்தவர் ஏன் இந்த மட்டமான பெட்டியை எடுத்து வந்தார்?

"விலை ஒசந்த பாட்டிலோட வந்திருந்தா என்னா நெனச்சிருப்பீங்க?"

யோசித்தேன். "பையனுக்கு ஏதோ கோளாறு, மறைக்கிறீங்கன்னு நெனச்சிருப்பேன்."

"அதாங்க. இது ரெண்டு கிலோ மட்டன் விலை. ஹோட்டல்ல பெரிய பெரிய கல்யாணத்துக்கெல்லாம் இதைத்தான் வாங்கிப் போட்டேன். கிளாஸை மாத்தி ஊத்துவோம். ஒருத்தர் முகம் சுளிச்சதில்ல. குடிக்கக் குடிக்க உள்ள பை சுருங்கிகினே வரும், காத்து போகாது, ஒரு மாசம் ஆனாலும் கெடாது. பாட்டில்ல இது உண்டா?"

அதன் பிறகு நடந்தது பேச்சு. என் மாடிப்படியில் ஒருநாள் யாராவது விழுந்து சாவார்கள் என்றார். என் மகள் எதிராளியைப் பேச விடாமல் பேசுகிறாள், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எழுந்திருக்கிறாள் என்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது. பையன் போட்டோவில் முன்மண்டை இப்போதே காலியாகத் தெரிகிறதே என்றேன். "எங்க வீட்டு முந்தி டிசைனே அப்படித்தாங்க, நெய்யும்போதே காலி" என்றார். கல்யாணம் பெங்களூரில் என்றார். ஆரணியைத் தாண்டி ஒரு அடி வர மாட்டேன் என்றேன். வேலூரில் நின்றது. தை என்றார், வைகாசி என்றேன். மாசியில் நின்றது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எத்தனை பேர் என்று வந்தபோது தன் துண்டை என் கைமேல் போட்டு, மண்டி வழக்கப்படி உள்ளே என் விரல்களைப் பிடித்தார். நாலு விரல், நானூறு பேர். நான் இரண்டைப் பிடித்தேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ கூட இல்லை. ஆனாலும் துண்டை எடுக்கவில்லை. முந்நூறில் முடிந்தது.

அப்போது சுகன்யாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, கிளம்பிட்டாரா? என்னா சொன்னீங்க?"

"ஒயின் புளிக்குதுன்னு சொன்னேன்மா."

"அப்பா!" அந்தக் குரலில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்ககிட்ட எத்தனை தடவை..."

அருணகிரி போனை என் கையிலிருந்து வாங்கினார். "நான்தாம்மா பேசறேன். எழுதி வெச்சுக்க. உங்க வீட்டுப் படி சரியில்ல, கூடம் இருட்டு, காபி ஆறிப்போச்சு, மல்லாட்டை காறல். உங்கப்பா புடவையில பின்னாடி முடிச்சு. அதுக்கு மேல, உனக்கு வாய் அதிகம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளா, போனை வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. அருணகிரி என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். இவள் பத்தாம் வகுப்பு வரை புடவைக் கட்டுகள் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்தான். ஆனால் பெங்களூர் போய் ஆறு வருஷமாகிறது. கடை பாஷை மறந்திருந்தால்?

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் நிதானமாக வந்தது.

"மாமா, உங்க பையன் போன மாசம் என் பொறந்தநாளுக்குச் செருப்பு வாங்கிக் குடுத்தாரு. ஒரு சைஸ் சின்னது. பில்லையும் தொலைச்சிட்டாரு. சமைக்கத் தெரியும்னாரு, மூணு தடவையும் மேகிதான் பண்ணாரு. உங்க ஃபிளாட்டுல பால்கனி மேற்கு பார்த்து இருக்குது, மத்தியானம் நிக்க முடியாது. அப்புறம், கல்யாணம் எந்த மாசம் பேசியிருக்கீங்க?"

"மாசிம்மா."

"எனக்கு மாசியில லீவு கிடைக்காது."

"லீவு நான் கேக்கறேன்மா உங்க மேனேஜர்கிட்ட."

"அவரு உங்கள மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருக்காரு. மாசின்னா பால்கனிக்கு நீங்க திரை போட்டுத் தரணும். செருப்பும் மாத்தித் தரணும். அப்புறம்..."

பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. அருணகிரி போனைக் கையால் பொத்திக்கொண்டு, என் காதருகே குனிந்து, "ஏதாவது ரெண்டு குறைச்சுப்பாளாங்க?" என்றார்.

நான் கையை விரித்தேன். இருபத்தாறு வருஷமாக அவளிடம் நான் ஒன்றுகூடக் குறைத்ததில்லை.